புதுக் கம்ப்யூட்டர் பாதியிலேயே படுத்துக்கிச்சா? பதறாதீங்க!



பாவு நூல் ஒன்று அறுந்தால் தறியையே பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறோமா? இல்லை. எந்த இழை அறுந்தது என்று பார்த்து, முடிச்சுப் போட்டு, மறுபடி தறியை ஓட்டுகிறோம். பல்லடம் சுற்று வட்டாரத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே நாம், புதுக் கம்ப்யூட்டர் ஒன்று ஓடாமல் நின்றுவிட்டால் மட்டும் "ஐயோ, காசு போச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொள்கிறோம். இந்தப் பக்கத்தில் சொல்லப்போவது அந்தப் பயத்தைப் போக்கும் வழியைத்தான்.

நடந்த கதை

எங்கள் பக்கத்தில் மூன்று குழுக்கள் சேர்ந்து 34,000 ரூபாய் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்க முடிவு செய்தோம். குழுக் கணக்கு, கடன் விண்ணப்பம், தையல் ஆர்டர் பில் எல்லாம் நாமே அடித்துக்கொள்ளலாம், வெளியில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டாம் என்று நினைப்பு. எங்கள் குழு அக்கா ஒருவரின் மகள் பாலிடெக்னிக் படித்தவள். "ரெடிமேடா வாங்குனா வெலை ஜாஸ்திங்க்கா. சாமானைத் தனித்தனியா வாங்குங்க, நானே அசெம்பிள் பண்ணித் தர்றேன்" என்றாள். கோவையில் ஒரு கடையில் சாமான் வாங்கி வந்து, பொண்ணு ஒரே நாளில் பூட்டியும் விட்டாள். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, திரையில் எழுத்து வந்தது. எல்லோரும் கை தட்டினோம்.

விண்டோஸ் ஏற்றத் தொடங்கிய பிறகுதான் சோதனை. முதல் தடவை 38 சதவீதத்தில் நீலத் திரை வந்து நின்றது. இரண்டாவது தடவை 61-ல் தானாக அணைந்து மறுபடி ஆரம்பித்தது. மூன்றாவது தடவை "ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது" என்று இங்கிலீஷில் ஒரு செய்தி. தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டோம். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிருச்சுங்க்கா. வேற போடோணும், 9,500 ஆகும்" என்றார்.

அன்று சாயந்திரம் கூட்டத்தில் முணுமுணுப்பு. "படிச்ச புள்ளைன்னு நம்பிக் காசைக் குடுத்தமே" என்று ஒருவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். அந்தப் பொண்ணு முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தாள். கடையில் மாற்றித் தரும் கெடு ஏழு நாள். நான்கு நாள் போய்விட்டது. குழுக் காசு, ஒரு பொண்ணின் பேரு, மூன்றே நாள் கெடு. இந்த மூன்றும் எங்கள் முன்னால் நின்றன.

முடிவு என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் சாமான்கள் எல்லாம் வெறும் இரும்பும் பிளாஸ்டிக்கும்தான். அவற்றை வேலை வாங்கும் மேஸ்திரி வேண்டும். அந்த மேஸ்திரிதான் ஆபரேட்டிங் சிஸ்டம், தமிழில் இயங்குதளம். விண்டோஸ் ஒரு மேஸ்திரி. லினக்ஸ் இன்னொரு மேஸ்திரி. லினக்ஸுக்குக் காசு கிடையாது. நம் நாட்டிலேயே சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் 'பாஸ்' என்ற பெயரில் தமிழிலும் வேலை செய்யும் லினக்ஸ் ஒன்றை வெளியிட்டது.

இப்போது விண்டோஸ் ஏற்றும் வேலை ஊரெங்கும் நடக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. அதனால் பல பேர் பழையதை மாற்றிப் புதிதாக வாங்குகிறார்கள், ஏற்றுகிறார்கள்.

ஏற்றும்போது மட்டும் ஏன் விழுகிறது?

"சுவிட்ச் போட்டா நல்லாத்தானே எரியுது, இதை ஏத்தும்போது மட்டும் ஏன் நிக்குது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நம் குழுக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பீரோ இருக்கிறது. பணத்தைப் பரப்பி எண்ணும் மேஜை இருக்கிறது. எண்ணுகிற ஆள் இருக்கிறார். கம்ப்யூட்டரில் பீரோ என்பது ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. மேஜை என்பது ரேம். எண்ணுகிற ஆள் பிராசஸர். இந்த மூவரையும் இணைக்கும் அறை மதர்போர்டு. கரண்ட் கொடுப்பது எஸ்எம்பிஎஸ் என்ற பெட்டி.

விண்டோஸ் பென்டிரைவில் இறுக்கி மூட்டை கட்டி வைக்கப்பட்டிருக்கும். ஏற்றும்போது மூட்டையை எடுத்து, மேஜை மேல் பிரித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பீரோவில் அடுக்க வேண்டும். அதாவது பென்டிரைவ், ரேம், பிராசஸர், டிஸ்க், கரண்ட் எல்லாம் ஒரே நேரத்தில், முதல் முதலாக முழு வேகத்தில் வேலை செய்யும் நேரம் அது. சும்மா திரை எரிவதற்கு மேஜையில் ஒரு மூலை போதும். மூட்டை பிரிப்பதற்கு மேஜை பெரிதாக வேண்டும். அந்த மேஜையில் எங்கோ ஒரு ஓட்டை இருந்தால் அப்போதுதான் காசு கீழே விழும், கணக்கு இடிக்கும், வேலை நின்றுவிடும்.

ஆக, ஏற்றும்போது விழுந்தால் விண்டோஸ் மோசம் என்று அர்த்தமில்லை. முன்பே இருந்த ஒரு குறையை அது காட்டிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு சந்தேகம்: நிஜமாகவே விழுந்ததா?

விண்டோஸ் ஏறும்போது தானாகவே இரண்டு மூன்று தடவை அணைந்து எரியும். அது வழக்கம். முதல் தடவை அணைந்து எரிந்ததும் மறுபடி பென்டிரைவிலிருந்தே ஆரம்பித்தால், ஏற்றும் வேலை முதலிலிருந்து வருவது போல இருக்கும். அதுவும் கோளாறு இல்லை. அந்த நேரம் பென்டிரைவை உருவிவிட்டு எரிய விட்டால் போதும்.

ஒரே சதவீதத்தில் வெகு நேரம் நின்றாலும் உடனே அணைக்காதீர்கள். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரம் பொறுங்கள்.

"இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடாது" என்று செய்தி வந்தால் அதுவும் விழுவதல்ல, மறுப்பது. அதற்குக் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். புதுப் போர்டில் அந்த வசதி பெரும்பாலும் இருக்கும். பயாஸ் பகுதிக்குப் போய் அதைத் திறந்துவிட்டால் சரியாகும்.

விழுந்தால் எப்படி விழுந்தது? நோட்டில் எழுதுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. எத்தனை மணிக்கு, எத்தனை சதவீதத்தில், என்ன செய்தி வந்தது என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை எழுதியதும் விஷயம் பாதி புரிந்துவிடும்.

• ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், ஒரே செய்தியோடு நிற்கிறதா? பென்டிரைவையோ அதிலுள்ள ஃபைலையோ முதலில் சந்தேகப்படுங்கள்.

• தடவைக்கு ஒரு இடம், தடவைக்கு ஒரு செய்தியா? ரேம் மீது சந்தேகம்.

• செய்தி எதுவும் இல்லாமல் பட்டென்று அணைகிறதா? சூடு அல்லது கரண்ட்.

• ஏற்றும்போது டிஸ்க்கே காணாமல் போகிறதா? டிஸ்க் அல்லது அதன் வயர்.

80070570 என்று முடியும் எண் வந்தால் "ஃபைல் கெட்டிருக்கிறது" என்று பொருள். ஆனால் ஃபைல் நன்றாக இருந்து, ரேம் கெட்டிருந்தாலும் இதே எண் வரும். அதனால் எண்ணை மட்டும் நம்பி சாமான் வாங்கிவிடக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்

நாங்கள் செய்த தப்பையும் மறைக்காமல் சொல்கிறேன். முதல் நாள் பதட்டத்தில் பென்டிரைவை மாற்றி, வயரை மாற்றி, பயாஸிலும் எதையோ மாற்றி, எல்லாம் ஒரே நேரத்தில் செய்தோம். மறுபடி விழுந்தது. எது சரி, எது தப்பு என்று ஒன்றும் தெரியவில்லை. கணக்கு நோட்டில் 50 ரூபாய் இடித்தால் எல்லா வரியையும் ஒரே நேரத்தில் அடித்துத் திருத்துவோமா? ஒவ்வொரு வரியாகத்தானே டிக் போட்டு வருவோம். அதே முறைதான் இங்கேயும். ஒன்றை மாற்று, ஏற்றிப் பார், எழுது. சரியாகவில்லையா, அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ.

காசில்லாத சோதனையை முதலில், காசு ஆகிறதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை இதோ.

1. பென்டிரைவ்

குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். யாரோ கொடுத்த பழைய காப்பியை ஏற்றாதீர்கள். மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். லினக்ஸ் என்றால் அதன் சொந்தத் தளத்திலிருந்து. லினக்ஸ் ஃபைல்களோடு 64 எழுத்துள்ள ஒரு நீண்ட குறி கொடுத்திருப்பார்கள். அது அந்த ஃபைலின் கைரேகை மாதிரி. ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மொத்தமாக மாறிவிடும். இறக்கிய ஃபைலின் குறியும் அவர்கள் கொடுத்த குறியும் ஒன்றாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லும். நடுவில் நெட் விட்டுவிட்டு வரும் ஊர்களில் இந்தச் சோதனை ரொம்ப அவசியம்.

பென்டிரைவைப் பெட்டியின் முன்பக்கம் குத்தாமல், பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் குத்துங்கள். வேறொரு பென்டிரைவிலும் ஒரு தடவை முயற்சி செய்யுங்கள்.

2. பயாஸை ஆதி நிலைக்குக் கொண்டுவருதல்

எரிந்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 பொத்தானை அழுத்தினால் பயாஸ் பக்கம் வரும். அதில் 'லோடு டீஃபால்ட்ஸ்' என்று இருக்கும். அதைக் கொடுங்கள். தேதி, மணி சரியாக வையுங்கள். 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' என்ற வசதி திறந்திருந்தால் மூடிவிடுங்கள். ரேமை அட்டையில் போட்டிருக்கும் அதிக வேகத்துக்கு ஓட்டும் வசதி அது. சில போர்டுக்கும் சில ரேமுக்கும் அந்த வேகம் ஒத்துவராது. மூடியதும் நன்றாக ஓடினால் மூடியபடியே இருக்கட்டும். நம் கணக்கு வேலைக்கு அந்த வேகம் தேவையில்லை.

3. சூடு

அதே பயாஸ் பக்கத்தில் பிராசஸரின் சூடு எத்தனை டிகிரி என்று காட்டும். சும்மா இருக்கும்போது 35 முதல் 55 வரை இருந்தால் கவலையில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது 80, 90 என்று ஏறினால் ஃபேன் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். சுமார் 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும்.

புதிதாகப் பூட்டும்போது நடக்கும் தப்புகள் மூன்று. ஃபேன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது. நான்கு கால்களில் ஒன்று சரியாக மாட்டாமல் விடுவது. ஃபேன் வயரை வேறு இடத்தில் குத்துவது. இதைப் பார்க்கப் பைசா செலவில்லை.

4. ரேம்

பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கை உருவுங்கள். பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச கரண்டைப் போக்குங்கள். பாலியஸ்டர் சேலையைவிடப் பருத்திச் சேலை நல்லது. உராய்ந்து வரும் மின்சாரம் நமக்கு உறைக்காது, ஆனால் சில்லைக் கெடுத்துவிடும். பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பை அவ்வப்போது தொட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ரேம் பட்டையின் இரு பக்கக் கொக்கியையும் விலக்கிக் கழற்றுங்கள். தங்க நிறப் பல்லை விரலால் தொடாமல், பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு பட்டை இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஏற்றுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டு ஏற்றுங்கள். எந்தத் துளையில் போட வேண்டும் என்று மதர்போர்டு புத்தகத்தில் படம் இருக்கும்.

நிச்சயமாகத் தெரிய 'மெம்டெஸ்ட்86 பிளஸ்' என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. பென்டிரைவில் போட்டு ஓட்டலாம், விண்டோஸ் தேவையில்லை. சில போர்டில் பயாஸில் 'செக்யூர் பூட்' என்பதைத் தற்காலிகமாக நிறுத்தினால்தான் ஓடும். ரேமின் ஒவ்வொரு அறையிலும் எதையாவது எழுதி, திரும்பப் படித்து, வைத்தது அப்படியே இருக்கிறதா என்று இது பார்க்கும். ராத்திரி முழுக்க ஓடட்டும். காலையில் சிவப்பு நிறத்தில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் விடக் கூடாது. "ஆயிரத்துல ஒண்ணுதானே" என்று நினைக்காதீர்கள். அந்த ஒன்று நாளைக்கு நம் கடன் கணக்கிலும் விழலாம்.

எங்கள் கதையின் முடிவு

எங்கள் பொண்ணு நோட்டை எடுத்து முதலிலிருந்து வரிசையாக எழுத ஆரம்பித்தாள். பென்டிரைவ் மாற்றினாள், விழுந்தது. பயாஸ் ஆதி நிலைக்கு வந்தது, அப்போதும் விழுந்தது. சூடு 42 டிகிரிதான். ரேம் ஒரு பட்டையோடு ஏற்றினாள், 25 நிமிஷத்தில் முழுதும் ஏறியது! மற்றப் பட்டையோடு ஏற்றினாள், 44 சதவீதத்தில் நீலத் திரை. ராத்திரி முழுக்க அந்தப் பட்டையைச் சோதித்ததில் காலையில் திரை முழுக்கச் சிவப்பு.

ஆறாவது நாள் நோட்டையும் செல்போன் படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "யாரு எழுதுனது?" என்று கேட்டார். மறு பேச்சு பேசாமல் வேறு பட்டை கொடுத்தார். புது மதர்போர்டு வேண்டியிருக்கவில்லை, 9,500 ரூபாய் மிச்சம். அடுத்த கூட்டத்தில், முன்பு குறை சொன்ன அதே அக்கா, "கண்ணு, நாந்தான் அவசரப்பட்டு வாய் உட்டுட்டேன். மனசுல வெச்சுக்காத சாமி" என்றார். இன்றைக்கு அந்தப் பொண்ணுதான் மூன்று குழுவின் கணக்கையும் அடிக்கிறாள்.

5. கரண்ட்

ரேமிலும் குறையில்லை என்றால் அடுத்தது இது. மதர்போர்டுக்கு இரண்டு முக்கிய வயர் போகும். 24 பின் உள்ள பெரியது ஒன்று, பிராசஸருக்கு 4 அல்லது 8 பின் உள்ளது ஒன்று. இரண்டும் அடிவரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அரைகுறையாக மாட்டியிருந்தால் சும்மா இருக்கும்போது ஓடும், சுமை ஏறியதும் அணையும். பெட்டியோடு இலவசமாக வரும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸிலும் இதே கதைதான். முடிந்தால் தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் கரண்ட் தங்கியிருக்கும்.

வீட்டுக்கு வர வேண்டிய மின்சாரம் 230 வோல்ட். விசைத்தறி, மோட்டார் ஓடும் லைனில் இது ஏறி இறங்கும். எலக்ட்ரீசியனைக் கொண்டு ஒரு தடவை அளந்து பாருங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் எர்த் இல்லை. மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கிக் குத்தாதீர்கள். சின்ன யூபிஎஸ் ஒன்று இருந்தால் அடிக்கடி போய் வரும் கரண்டைத் தாங்கும்.

6. டிஸ்க்

டிஸ்க் வயரைக் கழற்றி மாட்டுங்கள். வேறு வயர், வேறு துளை மாற்றிப் பாருங்கள். மதர்போர்டிலேயே படுக்க வைத்துத் திருகும் எஸ்எஸ்டி என்றால் திருகு இறுகியிருக்கிறதா, பட்டை முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். வேலை நடக்கும்போது தேவைப்படாத இரண்டாவது டிஸ்க், பிரிண்டர், தனி கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டை எடுக்குமுன், அது இல்லாமலே படம் காட்டும் பிராசஸர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

7. பயாஸ் புதுப்பித்தல்

போர்டு கடையில் வெகு நாள் கிடந்ததாகவும், பிராசஸர் புதிதாகவும் இருந்தால் ஒன்றுக்கொன்று புரியாது. போர்டு கம்பெனியின் தளத்தில் புதிய பயாஸ் இருக்கும். ஆனால் இதை யூபிஎஸ் இல்லாமல் செய்யவே கூடாது. நடுவில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காமலே போகலாம்.

ஏழும் பார்த்து, அதற்கு மேலும் விழுந்தால்தான் மதர்போர்டு அல்லது பிராசஸரைச் சந்தேகப்பட வேண்டும். முதலில் அல்ல, கடைசியில்!

பெரிய கம்பெனிக்கும் வந்த சோதனை

பிராசஸர் கெடுவது அபூர்வம். ஆனால் நடக்காதது அல்ல. இன்டெல் கம்பெனியின் 13, 14-ம் தலைமுறை மேஜைக் கம்ப்யூட்டர் பிராசஸர்களில் உலகம் முழுக்கப் பல பேருக்குக் கம்ப்யூட்டர் விழுந்துகொண்டே இருந்தது. மூட்டை பிரிக்கும் நேரத்தில்தான் அதுவும் அதிகம் வெளிப்பட்டது. விளையாட்டுப் புரோகிராம், விண்டோஸ், டிரைவர் என்று ஆளாளுக்கு ஒன்றைக் குறை சொன்னார்கள். கடைசியில் 2024 ஜூலையில், பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்குவதே காரணம் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் பயாஸ் மூலம் திருத்தம் வந்தது. பாதித்த வகைகளுக்கு வாரண்டியும் இரண்டு வருஷம் கூட்டப்பட்டது. ஏற்கனவே கெட்டுப்போனதைத் திருத்தம் சரி செய்யாது, மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படி விழுந்த விவரத்தைப் பல பேர் பொறுமையாக எழுதி வைத்துச் சேர்த்து காட்டியதால்தான் உண்மை வெளியே வந்தது.

இது பெண்கள் தொடங்கிய வேலை!

"பொம்பளைப் புள்ளைக்கு இந்த ரிப்பேர் வேலை எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 1946-ல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற ராட்சதக் கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. அதற்குக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களுக்கு யாரும் பாடப் புத்தகம் கொடுக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துத் தாங்களே படித்தார்கள். கோளாறு வந்தால் அத்தனை வால்வில் எது கெட்டது என்று சொல்லும் அளவுக்குத் தேறினார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டே இரண்டு ரேம் பட்டை. கண்டுபிடிக்க முடியாதா என்ன?

கடையில் பேசும்போது

• சாமான் வாங்கும்போதே ஒவ்வொன்றுக்கும் ஜிஎஸ்டி பில், வாரண்டி அட்டை கேட்டு வாங்குங்கள். பில் குழுவின் பெயரில் இருக்கட்டும்.

• மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சாமான் வந்த அன்றே பூட்டி ஏற்றிப் பாருங்கள். நல்ல நாள் பார்த்துப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்துக் கெடுவைத் தாண்ட விடாதீர்கள்.

• அட்டைப் பெட்டி, ஸ்டிக்கர் எதையும் கெடு முடியும்வரை வீசாதீர்கள்.

• "மதர்போர்டு போச்சு" என்று யார் சொன்னாலும் "எப்படித் தெரிஞ்சுதுங்க? வேற போர்டு மாட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, நம் காசு.

• வாரண்டி இருந்தும் மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2019-ம் வருஷச் சட்டப்படி புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

நோட்டில் ஒட்டி வைக்க

1. எப்படி விழுந்தது? எழுது, படம் எடு.
2. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்.
3. பென்டிரைவ், பயாஸ், சூடு, ரேம், கரண்ட், டிஸ்க், பயாஸ் புதுப்பித்தல் என்ற வரிசை.
4. மதர்போர்டு, பிராசஸர் கடைசியில்.
5. கெடு தேதியைக் காலண்டரில் வட்டம் போடு.

சகோதரிகளே, ஓடத் தொடங்கிய பிறகும் மாதம் ஒரு தடவை பெட்டியின் பஞ்சுத் தூசியைத் துடையுங்கள். மில்லும் தறியும் நிறைந்த நம் ஊரில் ஃபேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். குழுக் கணக்கை வாரம் ஒரு தடவை வேறொரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள்.

உங்கள் குழுவில் கம்ப்யூட்டர் தெரிந்த பொண்ணு இருந்தால் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை விழுந்தால் திட்டாமல், பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் காப்பியும் கொடுங்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.